பாதை நின்றுபோன துறைகளை என்ன செய்யப்போகிறோம்?

எழுவான்கரையாள்:

வெளியூர்க்காரரும் இங்கே வாசிப்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் பாதை என்றால் நடக்கிற வழி மட்டும் இல்லை. வாவியைக் கடக்கிற தட்டையான பெரிய மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். ஆள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, மாடு எல்லாம் அதில் ஏறும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை நாங்கள் வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரையில் இருக்கிற கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குப் போனது அப்படித்தான். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் ஹாண்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நிற்பேன், அடியில் தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

பாலம் வந்தது நல்லது. இரவில் நோயாளியை வைத்துக்கொண்டு கரையில் காத்திருந்தவர்கள் யாரும் பாலத்தைக் குறை சொல்லமாட்டார்கள். என் கேள்வி அதற்குப் பிறகு என்ன என்பதுதான். பாலமோ புது வீதியோ வந்த பிறகு பழைய துறை, அதற்குப் போகிற மண் அணை, கொங்கிரீட் இறக்கம் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. போன கிழமை எங்கள் பக்கத்துச் சின்னத் துறை ஒன்றுக்கு இறங்கிப் பார்த்தேன். இறக்கத்தின் கடைசி நாலு அடி தண்ணீருக்குள் பச்சைப் பாசியோடு போகிறது. வடம் கட்டின இரும்பு வளையம் இன்னும் கல்லில் இருக்கிறது, உள் பக்கம் மட்டும் வடம் உரசித் தேய்ந்து மெலிந்துபோய். அந்த வளையத்தில் நத்தைகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. பக்கத்துத் தூணில் ஒரு மீன்கொத்தி, நான் பத்தடி தூரத்துக்கு வரும்வரை அசையவில்லை. அதற்குப் பின்னால் இரண்டு உரப்பை நிறையக் கோழிக் கழிவு. யாரோ இரவில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த இடங்களை நிழலும் நீரும் உள்ள இடமாக ஆக்க முடியாதா? பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. எதை முதலில் செய்யவேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிச்சைக்கிள்:

அக்கா, நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, கல்லடிப் பழைய பாலம். 1924இல் கட்டினது, அப்போதைய ஆளுநர் மெனிங்கின் மனைவியின் பெயர் அதற்கு. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம், மற்றப் பக்கம் காத்துக்கொண்டு நிற்கும். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தபோது பழையதை இடித்து இரும்புக்கு விற்காமல் விட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்திநேரம் அங்கே நின்று காற்று வாங்க முடிகிறது. பௌர்ணமி இரவில் மீன் பாடுகிறது என்று தோணியில் போய், துடுப்பை நீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்களே, அதுவும் இந்தப் பாலத்தடியில்தான். நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். வீணைக் கம்பியை மெதுவாகத் தொட்டால் வருகிற மாதிரி ஒரு முனகல். புதுப் பாலத்தில் லொறி ஒன்று போனால் அவ்வளவுதான், எல்லாம் அதிர்ந்துபோகும்.

பழைய இரும்பை அப்படியே விட்டதே பாதி வேலை என்பது என் எண்ணம். உங்கள் துறையில் அந்த வளையத்தை யாரும் கழற்றிக்கொண்டு போகாமல் பாருங்கள்.

கொக்கட்டிநிழல்:

நான் படுவான்கரை. நேராகச் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். எங்கள் பக்கத்தில் வயலுக்குப் போகிற வீதிகள் மாரியில் குழம்பாகிவிடும். யானை வந்தால் இரவில் ஓடுவதற்கு வழி இல்லை. பஸ் பின்னேரத்தோடு முடிந்துவிடும். இதெல்லாம் இருக்கும்போது துறையில் பூங்கா போடுகிறோம் என்று வந்தால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? காசு இருந்தால் முதலில் வீதியைப் போடுங்கள், வேலியைப் போடுங்கள். எழுவான்கரைக்காரருக்கு மாலையில் நடப்பதற்கு இடம் வேண்டும் என்று படுவான்கரைக் கரையை அலங்கரிக்கவேண்டாம்.

எழுவான்கரையாள்:

கோபம் இல்லை அண்ணன், நீங்கள் சொல்வது சரி. ஆனால் வீதிக்கு வருகிற காசும் இதுவும் ஒரே பையிலிருந்து போகவேண்டியதில்லை. நான் கேட்கிறது கழிவைத் தூக்குவது, மண்ணைத் திறந்துவிடுவது, நாலு மரம், உட்கார ஒரு வாங்கு. அப்புறம், இது எழுவான்கரைக்கு மட்டும் என்று யார் சொன்னது? துறைக்கு எப்போதும் இரண்டு கரை உண்டு.

தோணிக்காரன் மகன்:

பூங்கா என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குப் பயம். ஏன் என்று சொல்கிறேன். பாதை நின்ற பிறகு அந்த இறக்கத்தைப் பயன்படுத்துவது நாங்கள்தான். அப்பா விடிய நாலு மணிக்கு அதில்தான் தோணியை இறக்குவார். வலை காயப்போடுவது அந்த அணையில். இறாலும் நண்டும் நிறுத்து விற்பது அங்கேயே. நாளைக்கு இன்டர்லொக் கல் பதித்து, கம்பி வேலி அடித்து, கேட் போட்டு, காவலாளி வைத்து, காலை எட்டு மணிக்குத் திறப்போம் என்று பலகை மாட்டினால் நாங்கள் எங்கே போவது? வேறு ஒரு கரையில் எங்களுக்கு இது நடந்திருக்கிறது. அழகுபடுத்துகிறோம் என்று வந்தார்கள், ஆறு மாதத்தில் தோணி கட்ட இடம் இல்லை. கேட்டால், வலை நாறுகிறது, வருகிற ஆட்களுக்கு அருவருப்பாக இருக்கிறது என்றார்கள். அப்பா அன்றைக்கு ஒன்றும் பேசாமல் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது, இன்னும் மறக்கவில்லை.

லைட் விஷயமும் அப்படித்தான். கரை முழுக்கச் சோலார் லைட் நட்டால் நடக்கிறவருக்கு நல்லது. ஆனால் இருட்டில் விளக்கோடு போய் இறால் பிடிக்கிறவனுக்கு அந்தக் கரை முடிந்துபோகும். லைட் போடத்தான் வேண்டும் என்றால் வீதிப் பக்கம் போடுங்கள், ஆற்றுப் பக்கம், அதாவது வாவிப் பக்கம், வேண்டாம்.

எழுவான்கரையாள்:

தம்பி, இதை எழுதினதுக்கு நன்றி. நான் அந்த இறக்கத்தைப் பாழாய்க் கிடக்கிற இடம் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் விடிய நாலு மணிக்கு வருகிறீர்கள், நான் போனது பின்னேரம் ஐந்து மணிக்கு.

கண்டல்:

முதலில் எதைச் செய்வது என்று கேட்டீர்கள். என் பதில்: மரம் நடுவதற்கு முன்னால் நீரோட்டத்தைப் பாருங்கள்.

துறைக்குப் போகிற மண் அணைகளைப் போட்ட காலத்தில் ஆழமில்லாத சேற்றில் மண்ணைக் கொட்டி, பாதை வந்து தட்டுகிற ஆழம் வரைக்கும் கொண்டுபோயிருப்பார்கள். அதனால் அணைக்கு ஒரு பக்கம் நீர் தேங்கிவிடும். அந்த மூலையில் சேறு ஏறும், மிதக்கிற ஆற்றுவாழைச் செடி வந்து அடையும், அடியில் அழுகும், மீன் குஞ்சு நிற்காது. பாதை ஓடின காலத்தில் அந்த அணை தேவை, பொறுத்துக்கொண்டோம். இப்போது வண்டி எதுவும் அதில் போவதில்லை. இரண்டு மூன்று இடத்தில் வெட்டி மதகு வைத்தாலோ, மேலே மரப்பாலம் போட்டு அடியில் திறந்துவிட்டாலோ நீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்வரும். அது நடந்தால் உப்புச் சேற்றில் வளர்கிற கண்டல் மரம் தானாகவே வரும். கன்று வாங்கக் காசு செலவழிக்கவேண்டியதில்லை. முருங்கைக்காய் மாதிரித் தொங்குகிற அந்த நீளக் காய் தாய் மரத்திலேயே முளைத்துவிட்டுத்தான் விழும், மிதந்து போய்த் தோதான சேற்றில் ஊன்றிக்கொள்ளும்.

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் எத்தனை இடத்தில் கண்டல் நட்டோம்! நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், 9 இடத்தில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்று 2017இல் எழுதினார்கள். பெரும்பாலும் இடம் பிழை. அதிக ஆழத்தில் அல்லது அதிக மேட்டில் நட்டது, பொருந்தாத இனத்தை நட்டது, மாடு தின்றது. நம் வாவியில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் முகத்துவாரம் மணல் மூடி நீர் இறங்கிவிடும், மாரியில் வெள்ளம் வந்து அணைக்கு மேலே ஏறும். ஒரு கோடையும் ஒரு மாரியும் பார்க்காமல் இங்கே நடலாம் என்று யாராவது கயிறு கட்டினால் நம்பவேண்டாம்.

மேட்டுப் பக்கம் வேண்டுமானால் பூவரசும் புன்னையும் வையுங்கள், உப்பைத் தாங்கும். தில்லை இருந்தால் வெட்டவேண்டாம், ஆனால் நடக்கிற ஓரத்தில் விடவும் வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய வேதனை. இப்பில் இப்பில் மரம் முளைத்திருந்தால் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள், பிறகு முடியாது.

நிந்தவூர்க் காக்கா:

கண்டல் தம்பி சொன்னதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். நாங்கள் அனுபவப்பட்ட ஆட்கள். எங்களுக்குத் தெற்கே ஒலுவிலில் கடல் துறைமுகத்தை 2013இல் திறந்தார்கள். எங்கள் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அறுந்துபோகும். அதுதான் நடந்தது. ஒலுவிலிலும் எங்கள் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னை வேரோடு சாய்ந்தது, தோணி ஏற்றி வைக்கிற வெண்மணல் போய்விட்டது. துறைமுக வாயில் மணல் நிறைந்து படகுகளும் போய்வர முடியாமல் போனது. நான் சின்ன வயதில் மூத்தப்பாவோடு கரைவலை பார்க்க உட்கார்ந்திருந்த இடம் இன்றைக்குத் தண்ணீருக்குள் இருக்கிறது. கையை நீட்டிக் காட்டலாம், அதில் நிற்க முடியாது.

வாவியில் அலை இல்லைதான், அளவும் சின்னது. ஆனாலும் தண்ணீருக்குக் குறுக்கே ஒன்றை வைப்பதும் எடுப்பதும் விளையாட்டில்லை. கட்டுவதற்கு முன்னால் ஒரு வருடம் பாருங்கள் என்கிறார் தம்பி. நான் இரண்டு வருடம் என்பேன்.

மண்டூரான்:

நான் பதினொரு வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலை. அங்கே இதே காரியத்தைக் கண்ணால் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் மலாயா ரயில் ஓடின வழி, 24 கிலோமீட்டர். 2011 நடுவில் ரயில் நின்றது. வீட்டு நிலத்துக்கு அவ்வளவு விலை உள்ள ஊரில் அந்த நீளத் துண்டை வெட்டி வெட்டி விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்! ஆனால் ஊர் ஆட்களும் இயற்கை ஆர்வலர்களும் முழு வழியையும் ஒரே துண்டாகப் பச்சையாக வையுங்கள் என்று கேட்டார்கள், அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. தண்டவாளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். புக்கிட் தீமாவில் இரும்புப் பாலத்தையும் பழைய ஸ்டேசனையும் விட்டுவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவில் நாங்கள் நாலைந்து பேர் சோற்றுப் பார்சலோடு அதில் நடப்போம். ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் மரம் மூடி, ஊர்ச் சத்தமே கேட்காது. எனக்கு மண்டூர்த் துறைக்கு இறங்குகிற வழிதான் ஞாபகத்துக்கு வரும், கண் கலங்கும்.

அங்கே எனக்குப் பிடித்தது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஆக்காமல் விட்டது. சில இடத்தில் நல்ல தரை, சில இடத்தில் வெறும் புல்லும் மண்ணும். மழை பெய்தால் சப்பாத்து சேறாகும், அவ்வளவுதான்.

நான் சொல்லவருவது இதுதான். குருமண்வெளித் துறையையும் அம்பிளாந்துறையையும் பற்றி இப்போதே யோசியுங்கள். அங்கே பாலம் வேண்டும் என்று எத்தனை காலமாகக் கேட்கிறோம், ஒரு நாள் வரும். பாலத்துக்கான வரைபடம் போடும்போதே பழைய துறை என்ன ஆகும் என்பதையும் அதில் எழுத வைக்கவேண்டும். பாலம் கட்டின மிச்சக் கல்லையும் மண்ணையும் துறையில் கொட்டிவிட்டுப் போன பிறகு ஓடித்திரிவதில் பிரயோசனம் இல்லை. மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் பாதையில் வந்தவர்களுக்கு அந்தக் கரையே ஒரு கோயில் வாசல் மாதிரி.

தேயிலைக்கொழுந்து:

நான் மலைநாட்டுப் பிள்ளை, அக்கரைப்பற்றில் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்தில் பீக்கோ ட்ரெயில் என்று கண்டியிலிருந்து நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல் நடைவழி இருக்கிறது, 22 பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை கொண்டுபோன தோட்டத்துப் பழைய வழிகளைத்தான் தேடி எடுத்து ஒன்றோடொன்று தொடுத்தார்கள். பெரும்பாலும் புதிதாக எதையும் கட்டவில்லை. வழியைத் துப்புரவாக்கி, அடையாளம் வைத்தார்கள். அந்த வழியில்தான் இன்றைக்கும் எங்கள் ஆட்கள் கொழுந்துக்குப் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதனால் தோணிக்காரத் தம்பி பயப்படுகிற மாதிரித்தான் ஆகவேண்டும் என்றில்லை. வேலை செய்கிறவனும் நடந்து பார்க்க வருகிறவனும் ஒரே வழியில் போகலாம். ஆனால் நடக்க வருகிறவன்தான் ஒதுங்கி வழிவிடவேண்டும். இதை முதல் நாளே பலகையில் எழுதி வைக்கவேண்டும்.

கல்லடிச்சைக்கிள்:

நியூயோர்க்கில் ஹை லைன் என்று ஒன்று இருக்கிறதே. 1934இல் போட்ட உயர்ந்த சரக்கு ரயில் வழி, 1980இல் கடைசி ரயில் போனது, பிறகு இருபது வருடம் புல் தானாக வளர்ந்து கிடந்தது. 1999இல் அயலில் இருந்த இரண்டு பேர் இடிக்கவிடாமல் இயக்கம் தொடங்கி, 2009இல் முதல் பகுதி திறந்தார்கள். மொத்தம் 2.3 கிலோமீட்டர்தான். பாரிஸில் அதற்கு முன்னாலேயே, 1969இல் நின்ற ரயில் வழியை 1993இல் நடைவழியாக்கியிருக்கிறார்கள். ஆனால் ஹை லைனுக்குப் பக்கத்தில் வீட்டு வாடகை ஏறி, பழைய ஆட்கள் இருக்க முடியாமல் போனது என்றும் பெரிய முறைப்பாடு உண்டு. கேட் போட்டுத் துரத்தாமலே துரத்தலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஸ்டேசன்வீதி:

அப்பா புகையிரதத் திணைக்களத்தில் வேலை செய்தவர், அதனால் எனக்கு வேறு ஒரு கவலை. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். யுத்தத்தில் நின்றது. வழியெல்லாம் காடு மண்டி, இனி ரயில் வராது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். 2003இல் திரும்ப வந்தது. அந்தக் காணியை அப்போதே ஆளுக்கொரு துண்டாகப் பிடித்திருந்தால் வந்திருக்குமா? ஓடாத வழி என்று ஒன்றை வெட்டி விற்றுவிட்டால் பிறகு சேர்க்க முடியாது. அமெரிக்காவில் 1983இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ரயில் நின்ற வழியை நடைவழியாக வைத்துக்கொள்ளலாம், பின்னால் ரயில் தேவைப்பட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் வழி உடையாமல் இருக்கும்.

துறைக்கும் இது பொருந்தும். 2011 தை மாத வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மாரி வந்தால் கிரானில் புலிபாய்ந்தகல் வீதி மூடிக்கொள்ள இன்றைக்கும் தோணியில்தானே ஆட்களைக் கொண்டுபோகிறார்கள். 1978 சூறாவளியைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் பாலத்து ஏற்றம் அரித்துப்போனால் திரும்பவும் பாதை தட்டவேண்டிய இடம் அதே இறக்கம்தான். அதனால் அதில் சிலையும் நீரூற்றும் கட்டாமல், மிதவை வந்து ஏறுகிற மாதிரியே விட்டுவையுங்கள்.

கொக்கட்டிநிழல்:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் வாசித்தேன். ஸ்டேசன்வீதி சொன்னதுக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன். வெள்ள நேரத்தில் அந்த இறக்கம் எங்கள் உயிர்.

இன்னும் ஒன்று ஞாபகம் வந்தது. பாதை அந்தக் கரைக்குப் போய்விட்டால் திரும்பி வரும்வரைக்கும் எங்கள் துறையில் ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். மாமி ஒருவர் அங்கே தேநீர்க் கடை வைத்திருந்தார், பிளேன்டியும் ரொட்டியும். எந்த வயலில் அறக்கொட்டியான் பூச்சி, யார் வீட்டில் கல்யாணம், எங்கே யானை நிற்கிறது, எல்லாம் அந்த மரத்தடியில்தான் தெரியவரும். பாலம் வந்து மூன்று மாதத்தில் கடையை மூடிவிட்டார். ஆட்கள் மேலே மோட்டார் சைக்கிளில் பறந்து போனால் யார் இறங்கி வந்து தேநீர் குடிப்பது? நான்கூட ஒரு தடவை இறங்கிப் போகவில்லை, இப்போது நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது. அவர் இன்னும் இருக்கிறார். மகளோடு பக்கத்து ஊரில்.

பூங்கா என்று சொல்லாமல், மரத்தடி என்று சொன்னால் எங்கள் கரைக்காரர் வருவார்கள். வேளாண்மை வெட்டி முடிந்த நாட்களில் ஆட்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு. ஆனால் வீதிக்கான கடிதத்தில் நீங்களும் கையெழுத்துப் போடவேண்டும்.

எழுவான்கரையாள்:

போடுகிறேன் அண்ணன், எங்கள் பக்கத்திலும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

நேற்றுக் காலை நானும் தோணிக்காரன் மகனும் அவருடைய அப்பாவும் போனோம். தோணியில் அணையைச் சுற்றி வந்து மூங்கில் கம்பால் ஆழம் பார்த்தோம். வடக்குப் பக்கம் கம்பு ஐந்து அடிக்கு மேல் இறங்கிச் சுத்தமான மணலில் தட்டியது. தெற்குப் பக்கம் ஒன்றரை அடியில் சேறு. கம்பை இழுத்தால் கறுப்பாக, அழுகின முட்டை மணத்தோடு வருகிறது. அணை மேல் நின்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. பெரியவர் அணையில் ஒரு இடத்தைக் காட்டி, பாதை வருவதற்கு முன்னால் தன்னுடைய அப்பா அதால்தான் தோணி விட்டார் என்றார். அதாவது அங்கே ஒரு கால்வாய் இருந்து மூடிப்போயிருக்கிறது. வெட்டவேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். கண்டல் தம்பி வந்து பார்த்துச் சொல்லவேண்டும்.

காக்கா, நீங்கள் கேட்ட இரண்டு வருடத்தை ஒத்துக்கொள்கிறோம். அதுவரைக்கும் வெட்டமாட்டோம். வளையத்துக்குப் பக்கத்துத் தூணில் பெயின்ட் கோடு போட்டிருக்கிறோம், மாதத்துக்கு இரண்டு தடவை நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தம்பி எழுதி வைப்பார். இறக்கத்தில் கல் பதிப்பதில்லை, ஆற்றுப் பக்கம் லைட் இல்லை, கேட் இல்லை. பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் கொடுக்கிற கடிதத்தில் இந்த மூன்றையும் முதலில் எழுதுகிறேன்.

அடுத்த பௌர்ணமிப் போயா தினம் பின்னேரம் நாலு மணிக்குத் துறையில் கூடுவோம். கோழிக் கழிவைத் தூக்க மண்வெட்டியும் கையுறையும் வேண்டும், உழவு இயந்திரப் பெட்டி ஒன்று கிடைத்தால் நல்லது. பாதை ஓடின காலத்துப் படம் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். சின்னப் பிள்ளைகளை இறக்கத்துக்கு விடவேண்டாம், முதலை நிற்கிறது என்று பெரியவர் சொன்னார், நானும் தடத்தைப் பார்த்தேன். கொக்கட்டிநிழல் அண்ணன், முடிந்தால் அந்த மாமியையும் கூட்டி வாருங்கள். அடுப்புக்கு விறகு நான் கொண்டுவருகிறேன்.